மட்கார்டில் காய்ந்த களிமண்

போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது என் கியர் சைக்கிளையும் ரயில் பார்சலில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் வானம் வெறித்ததும் வாய்க்கால் கரையோடு ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை.

டெல்டாக் களியோடு பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தெறிக்காது, ஒட்டும். டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு அடுக்கு, அடுத்த சுற்றில் அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதில் வைக்கோலும் புல்லும் சேர்ந்து கயிறு திரித்த மாதிரி இறுகிவிடும். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு முன்சக்கரம் நின்றுபோனது. குச்சியால் சுரண்டிவிட்டு இருபது அடி உருட்டினால் மறுபடி நின்றது. கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

“மட்காடு எங்க?”

“இதுக்கு மட்காடு கிடையாதுப்பா.”

“செயின் கவரு?”

“அதுவும் கிடையாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இத எவன் தொடைப்பான்னு நெனச்சு செஞ்சானுவ?”

நக்கலாகத்தான் கேட்டார். ஆனால் சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சைக்கிளின் வரலாற்றை எடுத்துப் படிக்கப் படிக்க, அதை வடிவமைத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அப்பாவின் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

*

சைக்கிளுக்குச் சேறு ஒரு பிரச்சினையாக ஆனதே செயின் வந்த பிறகுதான். அதற்கு முன்பிருந்த உயரச் சக்கர சைக்கிளில் செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். சக்கரம் ஓட்டுபவரின் நெஞ்சுயரம் வரும். அவர் சேற்றுக்கு மேலே, குதிரைக்காரனைப் போல உட்கார்ந்திருப்பார். விழுந்தால் தலைகுப்புற விழுவார், அது வேறு விஷயம். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ‘ரோவர்’தான் இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை. கிட்டத்தட்ட சமமான இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின். மனிதர்கள் தரைக்குப் பக்கத்தில் வந்தார்கள். விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் வண்டியின் மிக நுணுக்கமான உறுப்பும் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முன்சக்கரம் வாரி இறைக்கிற அத்தனையும் நேராகச் செயின்மேல்தான் விழும்.

செயினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்ன ஆணி, அதைச் சுற்றி ஒரு குழல், அதன்மேல் உருளும் ஒரு வளையம். (இந்த உருளைச் செயினை 1880-ல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிஸ்காரர்.) எண்ணெய் தேவைப்படுவது ஆணிக்கும் குழலுக்கும் நடுவில், உள்ளே. வெளியே வழிகிற எண்ணெயால் ஒரு உபயோகமும் இல்லை. அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயும் பொடி மண்ணும் சேர்ந்தால் லேத் பட்டறையில் இரும்பைத் தேய்க்கப் பயன்படுத்துகிற பசை மாதிரி ஒன்று தயாராகிவிடும். அது உள்ளே புகுந்து ஆணியை அரைக்கும். “செயின் நீண்டுபோச்சு” என்று கடைக்காரர் சொல்வார் இல்லையா, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. நூற்றுச் சொச்சம் ஆணிகளும் தலைமுடி அளவு தேய்ந்து, அந்தத் தேய்மானமெல்லாம் கூடிச் செயின் நீளமாகிறது. அடிக்கு அரை நூல் கூடினால் செயினை மாற்றவேண்டும், ஒரு நூல் கூடினால் பல்சக்கரமும் போயிருக்கும் என்பது தச்சர் கணக்கில் சொல்லக்கூடிய விதி.

அன்றைய இங்கிலாந்துச் சாலைகளில் தார் கிடையாது. ஜல்லியும் கல்தூளும் போட்டு இறுக்கிய சாலைகள், வெயிலில் புழுதி, மழையில் கூழ். அந்தக் கூழில் பாதி குதிரைச் சாணம். தினமும் ஓட்டுகிற ஒருவர் தினமும் கழுவி, செயினைக் கழற்றி ஊறவைத்து, எண்ணெய் போட்டு மாட்டவேண்டும். வீட்டில் வேலைக்காரர் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 1890-களில் சைக்கிள் வாங்கத் தொடங்கிய குமாஸ்தாக்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் அந்த வசதி கிடையாது.

இதற்கு விடை சொன்னவர்களில் ஹாரிசன் கார்ட்டர் என்பவர் முக்கியமானவர். செயினைச் சுத்தம் செய்வது கஷ்டம் என்றால் அது அழுக்காகவே விடாதே என்பது அவர் யோசனை. செயினை முழுக்க ஒரு தகரப் பெட்டிக்குள் மூடி, பெட்டியின் அடியில் கொஞ்சம் எண்ணெயை நிறுத்தினார். செயின் சுற்றச் சுற்ற அந்த எண்ணெயில் முங்கி முங்கி எழும். அதற்கு ‘குட்டி எண்ணெய்க் குளியல்’ என்றே பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை நம் வீடுகளில் நடந்த சமாச்சாரம்தான். இந்தப் பெட்டியை வைத்துப் புகழ்பெற்ற சைக்கிள் ‘சன்பீம்’. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கார் 1900-ல் ஒரு சன்பீம் வாங்கி, அதற்கு ‘மிஸ்டர் ஃபீபஸ்’ என்று செல்லப்பெயரும் வைத்திருந்தார். ஃபீபஸ் என்றால் சூரியதேவன்.

சன்பீமைச் செய்த ஜான் மார்ஸ்டன் சைக்கிள்காரரே அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. உல்வர்ஹாம்ப்டனில் அவர் தட்டு, தாம்பாளம் செய்துகொண்டிருந்தவர். ஜப்பானிய, சீன அரக்குப் பாத்திரங்களைப் பார்த்து ஐரோப்பியர்கள் நகலெடுத்த ஒரு வேலை உண்டு. நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த கறுப்பு வார்னிஷைத் தகரத்தில் பூசி, சூளையில் சுட்டு, மறுபடி பூசி, மறுபடி சுடுவது. அந்த வேலைக்கே ‘ஜப்பான் பூச்சு’ என்றுதான் பெயர். டீத் தட்டில் கறை பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த அந்தக் கறுப்பு, சைக்கிள் சட்டத்துக்கு ஏறியது. ஈரம் உள்ளே போகாது, துரு பிடிக்காது, ஒரு துணியால் துடைத்தால் பளபளக்கும். தாத்தா காலத்துச் சைக்கிள் எல்லாம் ஏன் கறுப்பு என்று யோசித்திருக்கிறீர்களா? துடைக்க நேரமில்லாதவர்களுக்கான கறுப்பு அது.

*

ஆக முழுநீள மட்கார்டு, செயின் கவர், சுட்ட கறுப்பு என்று இங்கிலாந்துச் சேற்றுக்காக வடிவமைத்த ஒரு வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி இங்கே வந்தது. எண்ணெய்க் குளியல் மட்டும் வரவில்லை. அது பணக்கார வண்டிக்கு. நமக்கு வந்தது வெறும் தகரக் கவர். 1949-ல் முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது அதே அச்சு இங்கேயே வார்க்கப்பட்டது. செயின் கவர் நம் ஊரில் வேட்டியையும் சேலையையும் பல்சக்கரத்திலிருந்து காப்பாற்றியது, அதற்காகவே அதைக் கையெடுத்துக் கும்பிடலாம். மட்கார்டு கதை வேறு. இங்கிலாந்துச் சேறு கூழ், அது தெறிக்கும், அதைத் தடுக்க மட்கார்டு போதும். எங்கள் களி ஒட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கிற ஒரு விரற்கடை இடைவெளிக்குள் புகுந்து, வெயிலில் காய்ந்து, செங்கல் அச்சில் வார்த்த மாதிரி வளைந்த துண்டாகக் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் அப்பா முன் மட்கார்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தாராம். சட்டை, மூஞ்சி எல்லாம் சேறு. மறுநாளே திரும்ப மாட்டிவிட்டார்.

ஆகவே இங்கே துடைக்கத்தான் வேண்டியிருந்தது. அப்பா துடைக்கிற முறை எனக்கு மனப்பாடம். களி காய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கவேண்டும், காய்ந்தால் சுரண்டவேண்டும், சுரண்டினால் கறுப்பு போய்விடும். சொம்பில் தண்ணீரை எடுத்து மேலேயிருந்து ஊற்றுவார், வீசி அடிக்கமாட்டார். தென்னை ஈர்க்குச்சியை ஒரு கொத்தாகக் கட்டி மட்கார்டுக்குள் விட்டு இழுப்பார். போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் உருவிவிடுவார். அதன் பிறகு உலர்ந்த துணி. சின்ன வயதில் நான் சுலபமாக இருக்கட்டும் என்று சைக்கிளை அப்படியே வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. “டேய், மாடாடா குளிப்பாட்ட? ஹப்புக்குள்ள தண்ணி போச்சுன்னா குண்டெல்லாம் துருப்பிடிச்சுப் போயிரும்டா!”

கடைசியில்தான் மண்ணெண்ணெய். அங்கேதான் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வரும். ரேஷனில் அளந்து ஊற்றுகிற மண்ணெண்ணெய், அடுப்புக்கும் விளக்குக்குமே மாதக் கடைசியில் பற்றாது. அதில் ஒரு மூடி எடுத்துச் செயினுக்கு விடுவார். “வெளக்குக்கு இல்ல, அவரு வண்டிக்கு அபிசேகம்,” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வது திண்ணை வரை கேட்கும். அவர் பதில் பேசாமல் பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை, தை பிறந்து சேறு காய்ந்ததும், கடைக்கு. கடை வாசல் பலகையில் ‘இவ்விடம் ஓவராயில் செய்யப்படும்’ என்று எழுதியிருக்கும். நிறைய எண்ணெய் போடுவதால் ஓவர் ஆயில் என்று கல்லூரி போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது ‘ஓவர்ஹால்’, கப்பல்காரர்களின் சொல், கயிறையும் கப்பியையும் இழுத்துப் போட்டுச் சோதிப்பது. கப்பலிலிருந்து இறங்கி நம் கடைத்தெருவுக்கு வரும்போது எண்ணெயைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. என்னைக் கேட்டால் நம்முடையதுதான் பொருத்தமான சொல்.

ஓவராயில் என்பது ஒரு முழுநாள் சடங்கு. சக்கரங்களைக் கழற்றி, ஹப்பைத் திறந்து, அச்சை உருவி, குண்டுகளை ஒரு டப்பா மூடியில் மண்ணெண்ணெய்க்குள் கொட்டுவார்கள். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று. எண்ணிக்கை குறைந்தால் அன்று கடையே தலைகீழாகும். பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து, புது கிரீஸை மெழுகி, அதில் நாற்று நடுகிற மாதிரி குண்டுகளைப் பதிப்பார்கள். இதைச் செய்துகொண்டிருந்தவன் என் வயதுப் பையன். பள்ளிக்கூடம் போகாதவன். அவன் நகக்கண் எப்போதும் கறுப்பாக இருக்கும். ‘துடைக்க நேரமில்லாதவர்களுக்கான வண்டி’ என்று மேலே எழுதிவிட்டேன், அந்த வண்டிக்கும் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்து துடைத்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கூலி மறுநாள் சாப்பாட்டுக்கு மேல் வந்திருக்காது.

வேலை முடிந்ததும் ஹப்பைச் சுற்றி ஒரு கலர் குஞ்சத்தை மாட்டிவிடுவான். வெறும் அலங்காரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சக்கரம் சுற்றும்போது அது ஹப்பின்மேல் புரண்டு புரண்டு தானாகவே துடைத்துக்கொண்டிருக்கும். ஆங்கிலேயர்கள் இதற்குத் தோல் வார் கட்டினார்கள். நாம் அதில் பூ வைத்தோம்.

*

சைக்கிள் சேற்றைப் பற்றிப் படிக்கும்போது நான் போய்ச் சேருவேன் என்று நினைக்காத இடம் அமெரிக்காவின் மொன்டானா. அங்கேயும் எங்கள் ஊர்க் களி மாதிரியே ஒன்று இருக்கிறது. ஈரத்தில் உப்பும், வெயிலில் பாளமாக வெடிக்கும், காலைப் பிடித்தால் விடாது. ‘கம்போ’ என்கிறார்கள்.

1890-களில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோது, குதிரைக்குப் பதில் சைக்கிளைப் படைக்குப் பயன்படுத்தலாமா என்று பல நாட்டு ராணுவங்களும் யோசித்தன. அமெரிக்காவில் அந்தச் சோதனை நடந்தது மொன்டானாவின் மிசூலா கோட்டையில் இருந்த 25-வது காலாட்படையில். அது கறுப்பினப் படைப்பிரிவு. சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். ஜேம்ஸ் மாஸ் என்ற லெப்டினென்ட் முயற்சியை முன்னெடுத்தார். வெஸ்ட் பாயின்ட்டில் தன் வகுப்பிலேயே கடைசியாகத் தேறியவர், சைக்கிள் பைத்தியம். 1896-ல் சின்னப் பயணங்கள். 1897 ஜூன் 14 அன்று இருபது கறுப்புச் சிப்பாய்கள், மாஸ், ஒரு மருத்துவர், எட்வர்ட் பூஸ் என்ற இளம் நிருபர் ஆகியோர் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குக் கிளம்பினார்கள். 1,900 மைல். நம் கணக்கில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஸ்பால்டிங் நிறுவனம் சைக்கிள்களைக் கொடுத்தது. சேற்றை எதிர்பார்த்துத்தான் தயாரித்திருந்தார்கள். எஃகு ரிம், வலுவூட்டிய ஃபோர்க், செயினுக்கு மூடிய பெட்டி. கூடாரம், போர்வை, சாப்பாடு, பாத்திரம் எல்லாம் ஏற்றினால் ஒரு சைக்கிள் சராசரியாக 59 பவுண்டு, கிட்டத்தட்ட 27 கிலோ. துப்பாக்கி தனி. மொன்டானாவின் மழையில் கம்போ களியில் இறங்கியதும் பெட்டிக்குள் செயின் பத்திரமாக இருந்தது, சக்கரம்தான் சுற்றவில்லை. அதே கதை. சில அடிக்கு ஒருமுறை நின்று டயரையும் ஃபோர்க்கையும் சுரண்டவேண்டியிருந்தது. கடைசியில் சாலையை விட்டுவிட்டு ரயில் தண்டவாளத்துக்கு ஏறினார்கள். ஸ்லீப்பர் கட்டைகள்மேல் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் நெப்ராஸ்காவின் மணல்மேடுகள், உப்புத் தண்ணீர், வயிற்றுப்போக்கு. ஜூலை 24-ம் தேதி, 41-வது நாள், செயின்ட் லூயிஸில் கூட்டம் கூடி வரவேற்றது. திரும்பும்போது ரயிலில் அனுப்பினார்கள். மறுவருடம் ஸ்பெயினோடு போர் வந்தது, சைக்கிள் படை அதோடு கைவிடப்பட்டது.

இந்தப் பயணத்தைச் சைக்கிள் வரலாற்றில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த இருபது பேரில் ஒருவரைத் தொடர்ந்து போனேன். மிங்கோ சாண்டர்ஸ். சிப்பாய்களில் மூத்தவர், சார்ஜன்ட். ஒரு கண்ணில் பார்வை குறைவு. அந்தக் கண்ணோடுதான் 1,900 மைல் ஓட்டியிருக்கிறார், மற்றவர்களையும் ஓட்ட வைத்திருக்கிறார். ஒன்பது வருடம் கழித்து, 1906-ல், டெக்சஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் நள்ளிரவில் ஒரு துப்பாக்கிச்சூடு. பழி 25-வது படைமேல் விழுந்தது. விசாரணை நீதிமன்றம் எதுவும் இல்லை, யார்மேலும் குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே உத்தரவில் 167 பேரை மரியாதை இல்லாமல் வேலைநீக்கம் செய்தார். ஓய்வூதியம் கிடையாது. அதில் மிங்கோ சாண்டர்ஸும் ஒருவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சேவை. அந்தக் கறையை ராணுவம் துடைத்தது 1972-ல். அவர் செத்து நாற்பது வருடம் தாண்டியிருந்தது.

*

ஊரில் அன்றைக்கு நடந்ததை முழுவதுமாகச் சொல்லவில்லை.

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து சொம்பை எடுக்கப் போனார். நான் செய்துகொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அம்மா வாசலில் நின்று என் கால்களைப் பார்த்துவிட்டு, “ரோடு இருக்கையில ஏன்டா கரை வழியாப் போனே?” என்றாள். சும்மாதான் போனேன் என்றேன்.

“உங்கப்பா எட்டு வருசம் அந்தக் கரையிலதான் ஆபீஸுக்குப் போனாரு. ரோடு இருக்கையிலயே.”

“அத எதுக்கு இப்ப?” என்றார் அப்பா.

எங்கள் காலனியிலிருந்து டவுனுக்குப் போகிற சாலை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. ஒன்றரை ஃபர்லாங். அப்பா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியது 1977-ல், டவுனில் ஒரு அலுவலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்த புதிதில். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஊர்த்தெரு முனையில் சைக்கிளைவிட்டு இறங்கி, மறுமுனை வரை உருட்டிக்கொண்டு போய், அங்கே ஏறிக்கொள்ளவேண்டும். எழுதிய சட்டம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் இருந்த வழக்கம்தான், எங்கள் ஊருக்கென்று தனிப் பெருமை கிடையாது. அப்பா இறங்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வாய்க்கால் கரை வழியாகப் போனார். முக்கால் மணி நேரம் அதிகம். கோடையில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நான் பட்ட பாட்டை அவர் தினமும் இரண்டு வேளை பட்டிருக்கிறார்.

டவுன் எல்லையில் ஒரு மதகு உண்டு. அங்கே இறங்கி, இடுப்பில் செருகியிருக்கும் ஈர்க்குச்சிக் கட்டையும் துணியையும் எடுத்து, சைக்கிளை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அலுவலகம் போவாராம். வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில் ஒரு கிளார்க் மட்கார்டைப் பார்த்துவிட்டு, “ரோட்டுல வர்றவன் வண்டியில இவ்வளவு களி எப்படிய்யா வரும்? எந்தப் பக்கம் நீ?” என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாகவே கேட்டிருக்கலாம். அடுத்த நாளிலிருந்து மதகு.

இதையெல்லாம் சொன்னது அம்மா. அப்பா கேட்காத மாதிரி ஃபோர்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு எனக்கு இது முதல்முறையாகத் தெரிகிறது. அதுவரை அவர் சுத்தக்காரர், சைக்கிள்மேல் பிரியம் உள்ளவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் மூடிக்காக அவரை நானும் கேலி செய்திருக்கிறேன்.

மிங்கோ சாண்டர்ஸையும் என் அப்பாவையும் ஒப்பிடுகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் போன பாதை வரைபடத்தில் இருக்கிறது, நாட்கணக்கு இருக்கிறது, கூடவே ஒரு நிருபர் போயிருக்கிறார். வாய்க்கால் கரையில் நிருபர் யாரும் வரவில்லை.

*

அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கந்தர்வகோட்டையில் வாக்கப்பட்ட சித்திக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதில் உறுதியாக இருந்தார். லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டப் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கியவர்களும் உண்டு, முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். சித்தியைப் பற்றி ஒன்று மட்டும். அவள் தன் சைக்கிளைத் துடைக்க யாரிடமும் கொடுக்கமாட்டாள். சித்தப்பா ஒருநாள், “குடு, நான் எண்ணெய் போட்டுத் தர்றேன்” என்றபோது மறுத்துவிட்டாள். ஏன் சித்தி என்று கேட்டேன். “தொடைக்கக் குடுத்தா நாளைக்கு அது அவரு வண்டி ஆயிடும்” என்றாள்.

நியூயார்க்கில் மரியா வார்டு என்ற பெண்மணி 1896-ல் பெண்களுக்காக ஒரு சைக்கிள் புத்தகம் எழுதினார். அதில் ஸ்பானர் பிடிப்பதற்கென்று ஒரு அத்தியாயமே உண்டு. ஊசியும் கத்தரியும் பிடிக்கிற கைக்கு இதுவும் வரும் என்பது அவர் வாதம். சித்தியிடம் சொன்னால், இதுக்கு ஒரு புத்தகம் வேறயா என்பாள்.

*

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மட்கார்டும் கவரும் இல்லாத வண்டியை எவன் துடைப்பான் என்று செய்தார்கள்?

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, 1976-ல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, செங்குத்தான மண்பாதையில் இறங்குவதற்குப் போட்டி வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸை அடைக்கவேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது, அதாவது திரும்ப அடைப்பது. நம் பாஷையில் ஓவராயில் ரோடு. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று அங்கே கூடியவர்களின் கையிலிருந்துதான் மலைச் சைக்கிள் பிறந்தது. மட்கார்டு களி அடைக்கும் என்று கழற்றி எறிந்தார்கள். கியர் மாற மாறச் செயின் பக்கவாட்டில் தாவவேண்டும், ஆகவே கார்ட்டரின் பெட்டிக்கு அங்கே வழியே இல்லை. ஓட்டியவர்களே துடைத்தார்கள், துடைப்பதும் விளையாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. சேறு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போகிற ஒன்றாக மாறியது. நானும் அப்படித்தான் அன்று கரைக்குப் போனேன்.

அப்பாவுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். “வெளாட்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டார்.

பின்சக்கரத்தின் பத்துப் பல்சக்கர அடுக்கு அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார், பிறகு ஒற்றை ஈர்க்குச்சியை எடுத்து அடுக்குகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக விட்டு இழுத்தார். களி நாடா நாடாவாக வந்தது. பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் கேட்டார். எங்கள் கார்டுக்கு இப்போது மண்ணெண்ணெய் கிடையாது. என் பையிலிருந்த செயின் எண்ணெயைக் கொடுத்தேன். விரல் நீள பாட்டில்.

“என்ன வெல?”

“நானூறு ரூபாப்பா.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றி, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணி எண்ணி விட்டார். கடைசிக் கண்ணி வந்ததும் துணியால் வெளிப்புறத்தை அழுத்தித் துடைத்தார். பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

மறுநாள் காலையில் நான் சைக்கிளை எடுத்தபோது வாசலுக்கு வந்தார்.

“எந்தப் பக்கம்?”

“ரோட்டுப் பக்கந்தான்.”

தோள் துண்டை எடுத்து ஹேண்டில்பாரை இன்னொரு தடவை துடைத்துவிட்டார்.